தலையில் இருந்த பழைய உருண்டை புற்றுநோய் என்று வந்தால் மறுபடி அறுக்க வேண்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். அம்மாவுக்கு 62 வயது. உச்சந்தலையில் இருபது வருடமாக வலியில்லாத ஒரு உருண்டை இருந்தது. கடைசி எட்டு மாதத்தில் அது வேகமாகப் பெருத்து 6 செ.மீ. ஆகி, மேல்தோல் கிழிந்து நீர் வடிய ஆரம்பித்தது. உள்ளூரில் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்தார்கள். முழுசாக வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. பயாப்சியில் 'மாலிக்னன்ட் ப்ரோலிஃபரேட்டிங் ட்ரைக்கிலெம்மல் ட்யூமர், மார்ஜின் இன்வால்வ்ட்' என்று வந்திருக்கிறது. அதாவது மயிர்க்கால் உறையிலிருந்து பெருகிய கட்டி, புற்றாக மாறியது, வெட்டிய ஓரத்திலும் கட்டிச் செல்கள் உண்டு. இப்போது பெரிய மருத்துவமனையில், சுற்றிலும் அகலமாக மறுபடி வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்கிறார்கள். "கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னொரு ஆபரேஷன் எதற்கு, ரேடியேஷன் மட்டும் கொடுத்தால் போதாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் பதில் தெரிய வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: கையில் இருக்கும் ரிப்போர்ட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்? எவ்வளவு வெட்டுவது என்பது அதைப் பொறுத்தது. ஸ்லைடையும் அம்மாவின் தலையையும் பார்க்காமல் நான் எழுதுவது பொதுவான வழிகாட்டல்தான். ஆனால் இந்தக் கட்டியில் எங்கெங்கே தவறு நடக்கும் என்பது ஓரளவு தெளிவாகத் தெரிந்த விஷயம்.

முதலில் இது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மயிர்க்காலைச் சுற்றி உள் உறை, வெளி உறை என்று இரண்டு உறைகள் உண்டு. எண்ணெய்ச் சுரப்பியின் வாய்க்கும், மயிரைச் சிலிர்க்கச் செய்யும் சின்னத் தசை ஒட்டும் இடத்துக்கும் நடுவில் இருக்கிற பகுதியில், வெளி உறையின் செல்கள் ஒரு தனி விதமாகக் கெரட்டினாக (முடியிலும் நகத்திலும் இருக்கும் கெட்டிப் புரதம்) மாறும். சாதாரண மேல்தோலில் செல்கள் சாகும் முன் துகள் அடுக்கு என்ற ஒரு கட்டத்தைத் தாண்டும். இங்கே அந்தக் கட்டம் இல்லாமல் திடீரென்று மாறிவிடும். இந்த வகைச் செல்களால் ஆன பைதான் பைலார் சிஸ்ட். பத்தில் ஒன்பது தலையில்தான் வரும். நிறைய பேருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும். குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகவும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் மற்ற தோல் சிஸ்ட்களில் தெரியும் கரும்புள்ளி போன்ற துளை இதில் இருக்காது. வழவழப்பாக, அழுத்தமாக இருக்கும். ஆனால் நம் ஊரில் இரண்டையுமே 'சிபேஷியஸ் சிஸ்ட்' என்று சீட்டில் எழுதிவிடுவார்கள்.

இந்தப் பைகளில் மிகச் சில, உட்சுவரிலிருந்து செல்கள் பெருகி, பை நிறைய மடிப்பு மடிப்பாக வளரும். அதுதான் ப்ரோலிஃபரேட்டிங் ட்ரைக்கிலெம்மல் ட்யூமர். 1966ல் வில்சன் ஜோன்ஸ் இதைத் தனி வகையாக விவரித்தார். பெரும்பாலும் அறுபதை ஒட்டிய, அதைத் தாண்டிய பெண்களுக்குத் தலையில் வருவது. உங்கள் அம்மாவின் வரலாறு அதோடு அப்படியே பொருந்துகிறது. இதிலும் பெரும்பான்மை சாதுவானதுதான். ஓரம் வட்டமாக, சுற்றுத் திசுவைத் தள்ளிக்கொண்டு மட்டும் வளரும். சிலவற்றில் அந்த ஓரம் உடைந்து, செல்கள் கூட்டம் கூட்டமாகப் பக்கத்துத் திசுவுக்குள் நுழையும். அப்போதுதான் 'மாலிக்னன்ட்' என்ற வார்த்தை ரிப்போர்ட்டில் வரும்.

ஆக, சாதுவா புற்றா என்பதைத் தீர்மானிப்பதில் ஒரு தனிச் செல் எவ்வளவு விகாரமாக இருக்கிறது என்பதைவிடக் கட்டியின் ஓரம் எப்படி இருக்கிறது என்பதற்கே எடை அதிகம். துண்டு துண்டாக எடுத்த கட்டியில் தொலைந்துபோவது அந்த ஓரம்தான். சாதுவான வகையிலும் ஆங்காங்கே பெரிய உட்கருக்கள், செல் பிரிவுகள், நடுவில் செத்த திசு எல்லாம் இருக்கும். ஒரு சின்னத் துண்டில் அதை மட்டும் பார்த்தால் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (மேல்தோல் செல்களில் வரும் புற்று) என்று எழுதத் தோன்றும். தலைகீழாகவும் நடக்கும்: அமைதியான மூலையிலிருந்து ஒரு துண்டு வந்தால், ஆக்ரோஷமான கட்டிக்கு 'பினைன்' (சாதுவானது) என்று பதில் வரும். அதனால் இந்தக் கட்டியில், வட்டக் கத்தியால் 4 மி.மீ. துண்டு மட்டும் எடுக்கும் பஞ்ச் பயாப்சியையோ ஊசி சோதனையையோ முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊசியில் பெரும்பாலும் கெரட்டின் குப்பையும் நாலு செல்லும்தான் வரும். கழுத்தில் வீங்கிய நிணநீர்க் கணு இருந்தால் ஊசி சோதனை அருமையான கருவி. மூலக் கட்டிக்கு அப்படியல்ல.

இன்னொரு குழப்பமும் உண்டு. பை உடைந்து உள்ளிருக்கும் கெரட்டின் வெளியே கசிந்தால் உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்து அழற்சியைக் கிளப்பும். அந்த அழற்சிக்கு நடுவே இருக்கும் மேல்தோல் செல்கள், புற்று நுழைவது போலவே நாக்கு நாக்காக நீளும். கட்டிக்கு மேல் சுண்ணாம்பு தடவுவது, ஊசியால் குத்திப் பிதுக்குவது போன்ற வீட்டு வைத்தியங்கள் நடந்திருந்தால் இந்தப் போலித் தோற்றம் இன்னும் கூடும். அம்மாவுக்கு அப்படி ஏதாவது செய்திருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்லைடு பார்ப்பவருக்கு அது மிக முக்கியமான தகவல்.

எனவே மறு அறுவைக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை ஸ்லைடு மறுபார்வை. முதலில் பார்த்த லேபுக்குப் போய்க் கண்ணாடி ஸ்லைடுகளையும், மெழுகில் பதித்த பிளாக்குகளையும் கேளுங்கள். வெறும் ரிப்போர்ட் காகிதம் போதாது. பிளாக் இருந்தால்தான் புதிதாக வெட்டிச் சாயம் ஏற்ற முடியும். தோல் கட்டிகளை அதிகம் பார்க்கும் ஒரு பேத்தாலஜிஸ்ட் (திசுவை நுண்நோக்கியில் பார்த்து நோயைச் சொல்பவர்), அல்லது சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற ஒரு மையம், இதற்குச் சரியான இடம். கூடவே பழைய போட்டோ கொடுங்கள். செல்போனில் அம்மாவின் தலையைப் படம் எடுத்திருப்பீர்கள் அல்லவா, கட்டி எங்கே, எவ்வளவு அகலம் என்று காட்டும் அந்தப் படம் பேத்தாலஜிஸ்டுக்கும் சர்ஜனுக்கும் ரிப்போர்ட்டுக்கு நிகரான ஆவணம்.

மறுபார்வை ரிப்போர்ட்டில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஓரம் தள்ளி வளர்கிறதா, ஊடுருவுகிறதா. செல் விகாரம் லேசானதா, கடுமையானதா. இயல்பற்ற செல் பிரிவுகள் உண்டா. நரம்பைச் சுற்றியோ ரத்தக் குழாய், நிணநீர்க் குழாய்க்குள்ளோ செல்கள் இருக்கின்றனவா. எந்த ஆழம் வரை போயிருக்கிறது. 2004ல் 76 கட்டிகளை ஆராய்ந்த ஒரு குழு இந்த அளவுகோல்களை வைத்து மூன்று வகையாகப் பிரித்தது. ஓரம் ஒழுங்காக, விகாரம் குறைவாக இருந்த முதல் வகை திரும்பி வரவில்லை. ஓரம் ஒழுங்கற்று, அருகிலுள்ள தோலுக்குள் நுழைந்த இரண்டாம் வகையில் சிலருக்கு அதே இடத்தில் திரும்ப வந்தது. ஊடுருவலும் கடுமையான விகாரமும் சேர்ந்த மூன்றாம் வகையில் திரும்புவதும், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவதும் நடந்தது. உங்கள் அம்மாவின் கட்டி இரண்டா மூன்றா என்று தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி. 'மாலிக்னன்ட்' என்ற ஒற்றைச் சொல் அதைச் சொல்லாது.

சிறப்புச் சாயங்கள் பற்றியும் கேட்பீர்கள். சி.டி.34 என்ற சாயம் மயிர்க்கால் வெளி உறையிலிருந்து வந்த செல்களில் பல சமயம் ஏறும். சாதாரண ஸ்குவாமஸ் புற்றில் பொதுவாக ஏறாது. ஆனால் கட்டி மோசமாக மோசமாக இந்தச் சாயமும் மறைந்துவிடும். கி-67 செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும், கட்டியின் பெயரைச் சொல்லாது; பி53ம் பெயரைச் சொல்லாது. ஆகவே இவை துணை சாட்சிகள்தான். உண்மையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கடைசியில் இது ட்ரைக்கிலெம்மல் புற்றா, தலைத்தோலின் ஸ்குவாமஸ் புற்றா என்பதில் இரண்டு நல்ல பேத்தாலஜிஸ்டுகளே ஒத்துப்போகாமல் இருக்கலாம். அறுவையைப் பொறுத்தவரை அதனால் பெரிய வித்தியாசம் வராது. அகலமும் ஆழமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறு உறுப்பிலிருந்து தலைக்கு வந்த புற்றா என்ற சந்தேகத்தை மட்டும் கட்டாயம் தீர்க்க வேண்டும். மார்பகம், சிறுநீரகம், தைராய்டு, நுரையீரல் ஆகியவற்றின் புற்றுகள் தலைத்தோலில் உருண்டையாக வெளிப்படுவது உண்டு. இருபது வருட வரலாறு இருப்பதால் உங்கள் விஷயத்தில் அந்த வாய்ப்பு குறைவு.

ஸ்லைடு போயிருக்கும் நேரத்தில் மற்ற சோதனைகளை முடிக்கலாம். முதலில் விரல். தழும்பை அசைத்துப் பார்க்க வேண்டும். எலும்பின் மேல் வழுக்கினால் நல்லது, ஒட்டிக்கொண்டிருந்தால் ஆழம் பற்றிக் கவலை. அடுத்து நிணநீர்க் கணுக்கள். தலையின் முன்பகுதியிலிருந்து வடியும் நிணநீர் காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளும் மேல் கழுத்துக்கும் போகும். பின்பகுதியிலிருந்து வடிவது பிடரிக்கும், காதுக்குப் பின்னாலும், கழுத்தின் பின் முக்கோணத்துக்கும் போகும். உச்சந்தலை இரண்டு பக்கமும் போகக்கூடிய இடம். அதனால் அல்ட்ராசவுண்டு எழுதும்போது 'கழுத்து' என்று மட்டும் எழுதினால் போதாது. இரண்டு பரோட்டிட், காதுக்குப் பின்புறம், பிடரி எல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும். அடிக்கடி விட்டுப்போவது இந்தப் பிடரிக் கணுதான். சந்தேகமாக ஒன்று தெரிந்தால் அதில் ஊசி சோதனை.

எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதற்குச் சி.டி. ஸ்கேன், எலும்புறை, அதற்குள்ளே மூளை உறை வரை போயிருக்கலாம் என்று தோன்றினால் எம்.ஆர்.ஐ. தழும்பு தாராளமாக அசைகிறது, கட்டி தோலோடு நின்றது என்றால் எம்.ஆர்.ஐ. கட்டாயமில்லை. கடுமையான வகை என்று ஸ்லைடு சொன்னால் நெஞ்சுக்கு ஒரு சி.டி. எடுப்பது நியாயம். பெட் ஸ்கேன் எல்லாருக்கும் தேவையில்லை. அறுவை முடிந்த சில வாரங்களில் எடுத்தால் ஆறிவரும் காயமே ஒளிர்ந்து பீதியைக் கிளப்பும்.

இனி 'எடுத்தாச்சே, மறுபடி எதற்கு' என்பதற்கு வருகிறேன். சாதாரண சிஸ்ட்டை எடுக்கும்போது சர்ஜன் அதன் சுவரை ஒட்டியே பிரித்து எடுப்பார். அது சரியான முறை. சிஸ்ட்டுக்குச் சுற்றுத் திசு தேவையில்லை. ஊடுருவும் கட்டியை அதே முறையில் எடுத்தால், சுவரைத் தாண்டிப் போன செல்கள் அப்படியே குழியில் இருக்கும். உடைந்து துண்டாக வந்தால் குழி முழுக்கச் சிதறியும் இருக்கலாம். 'மார்ஜின் இன்வால்வ்ட்' என்பதற்கு இந்தச் சூழலில் ஒரு பக்கம் மட்டும் மிச்சம் என்று பொருள் கொள்ள முடியாது. துண்டுகளில் எது உள்ளோரம், எது வெளியோரம் என்றே தெரியாது. ஆகவே பாதுகாப்பான ஒரே கணக்கு: பழைய கட்டி உட்கார்ந்திருந்த முழுத் தளமும் மாசுபட்டது. தையல் தழும்பு நீளவாக்கில் ஒரு கோடாகத் தெரிந்தாலும், உள்ளே தளம் 6 செ.மீ. வட்டம். பழைய போட்டோ தேவை என்று சொன்னது இதற்குத்தான். தழும்புக் கோட்டைச் சுற்றி மட்டும் வெட்டினால் உள்வட்டத்தின் ஓரங்கள் விட்டுப்போகும்.

எவ்வளவு அகலம் என்பதில் உறுதியான ஆராய்ச்சி கிடையாது. இவ்வளவு அபூர்வமான கட்டியில் இரண்டு அளவுகளை ஒப்பிட்டுச் சோதனை நடத்த முடியாது. நடைமுறையில் பலரும் எடுப்பது சுற்றிலும் 1 செ.மீ.; கடுமையான வகை, திரும்பி வந்த கட்டி என்றால் 2 செ.மீ. வரை போவார்கள். என் கருத்தில் ஆழத்தில் தவறுவது அகலத்தில் தவறுவதைவிட மோசம். தலைத்தோலில் ஐந்து அடுக்கு: தோல், அதன் கீழ் கெட்டியான இணைப்புத் திசு, கேலியா என்ற வலுவான சவ்வு, தளர்வான திசு, எலும்பை மூடிய எலும்புறை. பைலார் கட்டி பொதுவாகக் கேலியாவுக்கு மேலேயே தங்கும். முதல் அறுவையில் கேலியா திறக்கப்படவில்லை என்றால், மறு அறுவையில் கேலியாவையும் சேர்த்து எடுத்தால் ஒரு சுத்தமான அடுக்கு கீழே கிடைக்கும். திறக்கப்பட்டிருந்தால், அல்லது கட்டி அதைத் தொட்டிருந்தால், எலும்புறையும் வர வேண்டும். எலும்பு அரித்திருந்தால் மண்டையோட்டின் வெளித்தகடும். முதல் அறுவையின் குறிப்பை எழுதி வாங்குங்கள் என்று சொல்வது இதற்காக: 'எந்த அடுக்கு வரை போனீர்கள்' என்ற ஒரு வரி போதும்.

தொடைத் தோல் ஏன் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 6 செ.மீ. தளம், இரு பக்கமும் 1 செ.மீ., மொத்தம் 8 செ.மீ. விட்டம், பரப்பு சுமார் 50 சதுர செ.மீ. தலைத்தோல் வயிற்றுத் தோல் மாதிரி இழுபடாது. சுற்றிலும் தளர்த்தினால் 3 செ.மீ. அகலம் வரை நேராகத் தைக்கலாம். அதற்கு மேல் கஷ்டம். பக்கத்துத் தலைத்தோலை வளைத்துத் திருப்பி மூடும் முறை உண்டு. அதற்கு வெட்டும் வளைவின் நீளம் குழியின் அகலத்தைப்போல் நாலிலிருந்து ஆறு மடங்கு இருக்க வேண்டும். 8 செ.மீ. குழிக்கு அது 32 செ.மீ. முதல் 48 செ.மீ. வரை; அதாவது தலை முழுதையும் திறப்பது. அதைவிட முக்கியமான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஓரம் சுத்தமா என்று தெரியும் முன்னால் தோலைத் திருப்பி மூடினால், மிச்சமிருக்கும் செல்கள் எங்கே போயின என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் இறுதி ஸ்லைடு வரும்வரை ஒரு தற்காலிகக் கட்டுப் போட்டு வைத்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மூடுவது தாமதம் போலத் தெரிந்தாலும் நல்ல முறை. அம்மாவின் சர்ஜன் அப்படிச் சொன்னால் எதிர்க்காதீர்கள்.

ஒட்டுத் தோலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. எலும்புறை இருந்தால் அதன் மேல் ஒட்டு பிடிக்கும். வெறும் எலும்பின் மேல் பிடிக்காது. எலும்புறையும் போய்விட்டால், வெளித்தகட்டைப் பர்ர் என்ற சுழலும் கருவியால் தேய்த்து, புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும் அளவுக்குக் கொண்டுவந்து, சில வாரம் கட்டுப் போட்டுச் சதை வளர்த்த பின் ஒட்ட வேண்டும். அல்லது ரத்தக் குழாயோடு கூடிய மடல் (தடித்த திசுத் துண்டு) கொண்டுவர வேண்டும். பின்னால் ரேடியேஷன் நிச்சயம் என்று தெரிந்தால் மெல்லிய ஒட்டைவிட மடலே பாதுகாப்பு, இல்லாவிட்டால் கதிர்ப்பட்ட ஒட்டு உடைந்து எலும்பு வெளியே தெரியும். தொடையிலிருந்து எடுப்பது சுமார் 0.3 மி.மீ. கனமுள்ள சீவல்தான். முதல் கட்டை ஐந்தாம் நாள் வாக்கில் பிரிப்பார்கள். தொடைக் காயம் இரண்டு வாரத்தில் ஆறும். நோயாளிகள் பலருக்கும் தலையைவிடத் தொடைதான் வலிக்கும் என்பதை முன்பே அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். ஒட்டிய இடத்தில் முடி வராது.

அறுவை நாளைப் பற்றிச் சில நடைமுறைக் குறிப்புகள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறாரா என்பதை முன்பே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், இதய மருத்துவர் சொல்லட்டும். தலைத்தோலின் இரண்டாம் அடுக்கில் ரத்தக் குழாய்கள் கெட்டியான நாரில் ஒட்டியிருப்பதால் வெட்டினால் சுருங்காது; அதனால்தான் தலைக் காயம் அப்படிக் கொட்டுகிறது. சர்ஜன்கள் அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் என்ற மரத்துப்போகும் மருந்தை ஊசியில் போட்டு ஏழு பத்து நிமிடம் காத்திருந்து வெட்டுவது இதற்காகத்தான். அதன் உச்ச அளவு கிலோவுக்கு 7 மி.கி.; 60 கிலோ அம்மாவுக்கு 420 மி.கி., அதாவது 2 சதவீத மருந்தில் 21 மி.லி. பெரிய பரப்புக்கு இது பற்றாது. நீர்க்கச் செய்து போட வேண்டும், அல்லது பொது மயக்க மருந்து. வெட்டும் எல்லையை ஊசி போடும் முன்பே பேனாவால் குறிக்க வேண்டும். ஊசி போட்ட பின் தோல் உப்பி, 1 செ.மீ. என்று அளந்தது உண்மையில் அவ்வளவு இருக்காது. வெட்டு தோலுக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் மேலே 1 செ.மீ. இருந்தும் அடியில் ஒன்றும் இருக்காது.

எடுத்த திசுவைக் கையாள்வதில்தான் நம் ஊரில் அதிகம் கெட்டுப்போகிறது. ஒரே துண்டாக எடுத்து, நெற்றிப் பக்கம் ஒரு குட்டைத் தையல், வலப்பக்கம் ஒரு நீளத் தையல் என்று குறியிட்டு, அதைப் படிவத்திலும் எழுதி அனுப்ப வேண்டும். குறி இல்லாமல் அனுப்பினால் 'ஓரத்தில் செல் இருக்கிறது' என்று பதில் வந்தாலும் எந்த ஓரம் என்று தெரியாது. மறுபடி முழு வட்டத்தையும் வெட்ட நேரும். திசுவின் கன அளவைப்போல் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலின் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) வேண்டும். சலைனில் (உப்புநீரில்) போட்டு அடுத்த நாள் அனுப்பினால் செல்கள் அழுகிவிடும். பாட்டிலை லேபுக்கு எடுத்துப்போகும் வேலை பெரும்பாலும் உறவினர் கையில்தான் வரும், அதனால் பாட்டிலில் பெயர், எந்த இடம், எத்தனை துண்டு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து கட்டி எத்தனை மி.மீ. தள்ளி, பக்கவாட்டில் எவ்வளவு, ஆழத்தில் எவ்வளவு என்று இரண்டு எண்கள் ரிப்போர்ட்டில் வர வேண்டும். சில சமயம் 'மிச்சக் கட்டி எதுவும் இல்லை' என்று வரும். அப்போது 'வீணாக அறுத்தார்கள்' என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். கிடைக்கக்கூடிய நல்ல ரிப்போர்ட் அதுதான். மோஸ் என்ற, அடுக்கடுக்காக வெட்டி அப்போதே நுண்நோக்கியில் முழு ஓரத்தையும் பார்க்கும் முறை திசுவை மிச்சப்படுத்தும். செய்யும் மையங்கள் நம் நாட்டில் குறைவு, கிடைக்கவில்லை என்பதற்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கணுக்களில் எதுவும் இல்லாதபோது முன்னெச்சரிக்கையாகக் கழுத்தைத் திறப்பதற்குப் போதுமான காரணம் இல்லை என்பதே பெரும்பாலோர் நிலைப்பாடு. ஊசி சோதனையில் கணுவில் புற்று என்று வந்தால் அந்தப் பக்கக் கழுத்துக் கணுக்களை முறையாக எடுக்க வேண்டும்; வடிகால் அப்படிப் போகிறது என்றால் பரோட்டிட்டின் மேல்பகுதியும் சேர்த்து.

ரேடியேஷன் மட்டும் போதுமா என்றால், அறுவையைத் தாங்கக்கூடிய 62 வயதுக்காரருக்குப் போதாது என்பதே என் பதில். எடுத்த திசு இல்லாமல் மிச்சம் எவ்வளவு, எந்த ஆழம் என்று தெரியாது. தளம் முழுக்கக் கதிர் கொடுத்தும் திரும்பி வந்தால், கதிர்ப்பட்ட தலைத்தோலில் அறுத்து ஆற்றுவது பெரும்பாடு. அறுவைக்குப் பின் துணையாக அதற்கு இடமுண்டு: மேலும் வெட்ட முடியாத இடத்தில் ஓரம் சுத்தமில்லை, நரம்பைச் சுற்றிப் புற்று, எலும்பு அரிப்பு, கணுக்களில் பரவல் என்பவை காரணங்கள். ஸ்குவாமஸ் புற்றில் பழகிய அளவையே இங்கும் கடன் வாங்குகிறார்கள்: பெரும்பாலும் நாளைக்கு 2 கிரே (கதிர் அளவின் அலகு) வீதம் 30 நாள், மொத்தம் 60 கிரே, காயம் ஆறிய பின். ஓரம் சுத்தமாக, கணு இல்லாமல், இரண்டாம் வகை என்று வந்தால் ரேடியேஷன் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரே எனக்குச் சரியாகப் படுகிறார். கீமோவுக்கு இந்தக் கட்டியில் நிரூபணம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பரவிய சிலருக்கு சிஸ்ப்ளாட்டின் அடிப்படையிலான மருந்துகள் கொடுத்த தனித்தனி அனுபவங்கள்தான். முற்றிய தோல் ஸ்குவாமஸ் புற்றுக்கு 2018ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமிப்ளிமாப் போன்ற மருந்துகளை இங்கே பயன்படுத்துவது ஊகத்தின் பேரில்தான். அம்மாவுக்கு இப்போது அந்தப் பேச்சே தேவையில்லை.

அவசரம் எவ்வளவு? நாளைக்கே ஓட வேண்டாம். ஸ்லைடு மறுபார்வை, ஸ்கேன், சர்க்கரை கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று முதல் ஆறு வாரம் எடுத்துக்கொண்டால் தவறில்லை. மாதக்கணக்கில் இழுப்பது தவறு. செலவு கவலை என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அறுவைக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அனுமதி கேட்டு விடுங்கள். முடிந்த பின் கேட்டால் சிக்கல்.

பிறகு கண்காணிப்பு. முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவாகப் பின்பற்றும் இடைவெளி. பார்ப்பவர் தழும்பையும், காதின் முன்னும் பின்னும், பிடரியையும், கழுத்தையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்தபடி 'நல்லா ஆறியிருக்கு' என்று அனுப்பினால் அது கண்காணிப்பு ஆகாது. வீட்டில் எண்ணெய் தேய்க்கும்போது நீங்களே ஒட்டின் ஓரத்தைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள்; அரிசி அளவில் ஒரு கெட்டி தெரிந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

அம்மாவின் தலையில் வேறு இரண்டு சின்ன உருண்டைகள் இருக்கின்றன, உங்கள் தலையிலும் ஒன்று இருக்கிறது என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். குடும்பத்தில் ஓடுவது இந்தச் சாதுப் பைகள்தான். ஒவ்வொன்றும் புற்றாகும் என்று பயப்பட வேண்டாம். பல வருடமாக அதே அளவில் இருந்தால் விட்டுவிடலாம். சில மாதங்களில் பெருத்தாலோ, 5 செ.மீ.ஐத் தொட்டாலோ, மேல்தோல் புண்ணானாலோ எடுத்துவிட வேண்டும். அப்போது பிதுக்காமல், பை உடையாமல் முழுசாக எடுத்து, எவ்வளவு சாதாரணமாகத் தெரிந்தாலும் லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவின் ரிப்போர்ட் நகல் ஒன்றையும் அந்தப் படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.